சிவப்பு மூடி, பச்சை மூடி

தேவகிருபையைப் பற்றி எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் ஒரு வரி கிடையாது. கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் களப் பணியாளர்களுக்கு நன்றி என்று போட்டிருக்கிறார்கள். அந்த நன்றியை நூற்று நாற்பது பேருக்குப் பங்கு வைத்தால் அவளுக்கு ஓர் எழுத்தாவது வருமா என்பது சந்தேகம். கட்டுரை எழுதியவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குறை சொல்ல வேண்டிய ஆள் நான்தான். அதனால் அவள் கதையை நானே எழுதுகிறேன்.

என் பெயர் ஆராவமுதன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவன். பெருமாள் கோயில் புளியோதரையில் வளர்ந்து, குமாஸ்தா வேலையில் நரைத்தவன். 1988 ஜூனில் வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் ஊரில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதில் ரிஜிஸ்தர் எழுதுவதும், மருந்து பீரோவின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதும் என் வேலை. சாவி இடுப்பில் ஏறினால் ஆளுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். எனக்கும் வந்தது.

வைட்டமின் ஏ குறைந்தால் பிள்ளைகளுக்கு முதலில் மாலைக்கண் வரும், பிறகு கண்ணின் வெள்ளையில் நுரை ஒட்டியது போல் திட்டு வரும், கடைசியில் கருவிழியே உருகிப் போகும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். கண்ணைக் காக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. வயிற்றுப்போக்கிலும் மணல்வாரி அம்மையிலும் சாகிற பிள்ளைகளின் உயிரையும் அது காக்குமா என்பதுதான் கேள்வி. அதற்காகச் சுற்றுப்பட்டு ஊர்களில் பதினையாயிரம் பிள்ளைகளைத் தெருத் தெருவாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சில தெருக்களுக்குச் சிவப்பு மூடி பாட்டில், சில தெருக்களுக்குப் பச்சை மூடி பாட்டில். இரண்டிலும் ஒரே மஞ்சள் எண்ணெய், ஒரே வாசனை. ஒன்றில் வைட்டமின் கலந்திருந்தது, மற்றதில் இல்லை. எதில் என்பது எனக்குத் தெரியாது, பெரிய டாக்டர் வேங்கடேசனுக்கும் தெரியாது. அந்த ரகசியம் அரக்கு வைத்த உறைக்குள், சென்னையில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் ஆராய்ச்சி கெடும் என்றார் டாக்டர். மனசைப் பற்றி அவர் சொன்னது சத்தியமான வார்த்தை.

இந்த வைட்டமின் இல்லாத சீமையா இது என்று நீங்கள் கேட்கலாம். பாலில் இருக்கிறது, மாம்பழத்தில் இருக்கிறது, முருங்கைக் கீரையில் கொட்டிக் கிடக்கிறது. எங்கள் ஊர்ப் பால் விடிவதற்குள் கோவா கிண்டுகிற சட்டிக்குப் போய்விடும். ராஜபாளையத்து மாம்பழம் மலையடிவாரத்திலிருந்தே லாரி ஏறிவிடும். முருங்கை மட்டும் கொல்லையில் நிற்கும், ஆனால் பிள்ளைக்குக் கீரை கொடுத்தால் வயிற்றால் போகும் என்று ஊரே ஒரு மனதாக முடிவு செய்திருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த ஊர் இது. அந்த ஊருக்குத்தான் எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்ற ஆள் எடுத்தார்கள்.

அப்படி எடுத்த ஆட்களில் ஒருத்தி தேவகிருபை. சுந்தரபாண்டியத்துக்காரி, இருபத்து நான்கு வயது, பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியவள். கணக்கில் தவறியவளுக்குத்தான் எண்ணுகிற வேலை வாய்த்தது. புருஷன் சின்னத்துரை ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஊர் வந்துவிட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவான். ஒரே பிள்ளை, அமிர்தவல்லி. ஆராய்ச்சி தொடங்கியபோது அதற்கு ஒரு வயது.

தேவகிருபைக்குக் கொடுத்தது இரண்டு தெரு. ஓடைத் தெருவுக்குச் சிவப்பு மூடி, மேட்டுத் தெருவுக்குப் பச்சை மூடி. அவள் குடியிருந்தது ஓடைத் தெரு. பெண்கள் களையெடுக்கக் கிளம்புவதற்குள் பிடிக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே பையைத் தூக்கிவிடுவாள். பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. இவள் அப்படி இல்லை. தன் வாயை முதலில் ஆவென்று திறப்பாள், பிள்ளையும் திறக்கும், கரண்டி உள்ளே போய்விடும். "எண்ணெய்க்காரம்மா வந்தாச்சு" என்று தெருப் பிள்ளைகள் தாமாகவே வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்கும்.

மாலைக்கண் பார்ப்பதற்கு எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இருட்டும் வேளையில் குழந்தை தடுமாறுகிறதா? எல்லாத் தாயும் இல்லை என்றுதான் சொன்னாள். அந்த நேரத்தில் அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள், பிள்ளை தடுமாறுவதை எங்கே பார்த்தாள்? தேவகிருபை தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பொழுது மங்குகிற நேரத்தில் போய்ப் பாயில் நாலு பொரிகடலையைப் போடுவாள். பிள்ளை பார்த்துப் பொறுக்கினால் சரி. கையால் துழாவினால் மறுநாள் காலை அதைத் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். கண் கோளாறு தெரிந்தால், எந்த மூடியானாலும், பெரிய கேப்ஸ்யூல் ஒன்றைப் பீரோவிலிருந்து எடுத்து உடனே கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு வருஷத்தில் அவள் பதினோரு பிள்ளைகளைப் பிடித்து வந்தாள். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்தது ஒன்பது.

1989 ஜூன் மாதம் ஒரு மத்தியானம் அவள் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். செத்த பிள்ளைக்கு ஒரு சிலுவை என்று போட்டு வைத்திருந்தாள். ஓடைத் தெருப் பக்கத்தில் நாலு சிலுவை. மேட்டுத் தெருப் பக்கத்தில் ஒன்று.

"சார், செவப்பு மூடித் தெருவுலதான் புள்ளைக சாகுது. பச்சையிலதான் மருந்து இருக்கு. செவப்புல ஒன்னும் இல்ல."

"அதெல்லாம் நாம சொல்லக் கூடாது. ரெண்டும் ஒன்னுதான்னு சொல்லச் சொல்லித்தானே சொல்லிக்குடுத்திருக்காங்க."

"ஊருக்கு அப்படித்தான் சொல்லுதேன். நமக்குள்ளேயும் அப்படியே சொல்லிக்கிடணுமா?"

அடுத்த வாரம் டாக்டர் வந்தபோது, அவள் பெயரைச் சொல்லாமல் நான் மெதுவாகக் கேட்டேன். அவர் ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டே பதில் சொன்னார். "ரெண்டு தெருவை வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது ஆராவமுதன். ஒரு தெருவில தண்ணி மோசமா இருக்கலாம், இன்னொரு தெருவில வசதி இருக்கலாம். கண்ணு ஏமாத்தும். அதுக்குத்தானே பதினையாயிரம் பிள்ளைகள்." ஜீப் போய்விட்டது.

அவர் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம், புரிந்த அரையைச் சொல்லச் சோம்பல். தேவகிருபை வந்து கேட்டபோது, "டாக்டர் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. தண்ணீர் மோசமாக இருக்கலாம் என்ற ஒரு வார்த்தையை அன்று நான் அவளிடம் சொல்லியிருந்தால் போதும். மேட்டுத் தெருவில் பஞ்சாயத்துக் குழாய் இருந்தது. ஓடைத் தெருவில் ஓடைதான் இருந்தது. அவளுக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும்.

நான் சொல்லவில்லை. அவள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சார், ஒன்னு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. எனக்கு ஒரே ஒரு பச்சை பாட்டில் தாங்க. என் புள்ளைக்கு மட்டும். மேட்டுத் தெரு பாட்டில்ல எடுத்தா அந்தப் புள்ளைகளுக்குக் கொறைஞ்சிரும். தெருவுக்கு நான் செவப்புதான் குடுப்பேன், அதுல மாத்தமில்ல. என் வீட்டுல எனக்கு மனசு கேக்கல."

இதில் என் பங்கை நான் மூடி மறைக்கப் போவதில்லை. எனக்கு அப்போது பெரிய தர்மபிரபு என்ற நினைப்பு. பீரோவைத் திறந்து ஒரு பச்சை மூடி பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். ரிஜிஸ்தரில் "ஒரு பாட்டில் கை தவறி உடைந்தது" என்று எழுதினேன். அவள் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, "கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு சார்" என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அன்று முதல் அமிர்தவல்லிக்கு வாரா வாரம் பச்சைதான், சிவப்பு கிடையாது. அவள் படிவத்தில் மட்டும் சிவப்பு. ஒன்பது மாதம் இப்படிப் போனது.

வைட்டமின் ஏ ஈரலில் சேர்ந்து இருக்குமாம். வரத்து நின்றால் உடம்பு இருப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அம்மை வந்தால் மிச்ச மீதியையும் ஒரே வாரத்தில் துடைத்துவிடும். இதெல்லாம் எங்கள் வகுப்பில் படம் போட்டுச் சொன்னார்கள். தேவகிருபை முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவள்.

1990 மார்ச்சில் ஓடைத் தெருவில் மணல்வாரி அம்மை இறங்கியது. அதற்கு மூன்று வாரம் முன்னால் நடந்ததை அவள் எனக்குப் பிற்பாடு சொன்னாள். பொழுது மங்குகிற நேரம் தன் வீட்டுப் பாயிலும் நாலு பொரிகடலையைப் போட்டிருக்கிறாள். அமிர்தம் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளங்கையால் பாயைத் தடவியிருக்கிறது. கடலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வேறு வீடாக இருந்தால் மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நின்றிருப்பாள்.

"வெளையாடுதுன்னு நெனைச்சேன் சார். பச்சைதான் குடுக்கோமே, நம்ம புள்ளைக்கு எப்படி வரும்னு நெனைச்சேன். ஊருக்கெல்லாம் பாத்துச் சொன்ன எனக்கு, என் வீட்டுல கண்ணு தெரியல."

அம்மை கண்ட வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற வரை வீட்டுக்குள் மருந்து வரக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, பிள்ளையின் மேல் வெளிச்சம் படக் கூடாது. இதில் இந்து, கிறிஸ்தவர் பேதம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் பாடிவிட்டு வந்த சின்னத்துரை, போதகர் கண்ணில் படாமல் வேப்பிலையைக் கொல்லை வாசலில் செருகினான். பக்கத்து வீட்டுக் கருத்தம்மா வந்து மேற்பார்வை பார்த்தாள்.

"ஏட்டி கிருபை, ஆத்தா வந்து எறங்கியிருக்கா. ஒன் எண்ணெய் பாட்டிலத் தூக்கி வெளிய வையி. குளுந்து போற வரைக்கும் மருந்து மாயம் ஆகாது."

"சரிக்கா" என்றாள் தேவகிருபை. பாட்டிலை வெளியே வைக்கவில்லை. சன்னலை அடைத்துத் துணி கட்டிய அறையில், பிள்ளையை மடியில் போட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் பச்சை மூடி எண்ணெயைக் கொடுத்தாள். வாரத்துக்கு ஒரு கரண்டி போதாதென்று தினம் ஒரு கரண்டி. புருஷனை மீறினாள், கருத்தம்மாவை மீறினாள், ஆராய்ச்சியை மீறினாள். அந்தத் தெருவில் அம்மைக்கு நடுவே பிள்ளைக்கு மருந்து கொடுத்த ஒரே தாய் அவள்தான். கொடுத்ததில்தான் ஒன்றும் இல்லை.

பிள்ளையின் இமைகள் பீளையில் ஒட்டிக்கொண்டன. அம்மையில் எல்லாப் பிள்ளைக்கும் ஒட்டும், வெளிச்சம் பட்டால் அழும், அதனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவளுக்குப் பார்க்கத் தெரியும். பார்க்கவில்லை. பெரிய கேப்ஸ்யூல் என் பீரோவில், ஒன்பது மைல் தொலைவில் இருந்தது. பச்சைதான் குடிக்கிறதே என்ற தைரியத்தில் அதையும் கேட்டு வரவில்லை. பயம் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பாள். அந்தப் பயத்தைப் பிடுங்கிக்கொண்டது நான் கொடுத்த பாட்டில்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தைத் துடைத்து இமையைப் பிரித்தாள். இடது கண்ணில் கருப்பைக் காணவில்லை. குழம்பில் வெந்த அயிரை மீனின் கண் எப்படி இருக்கும், அப்படி இருந்ததாம்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகப் படியேறியபோது மணி பதினொன்று இருக்கும். ஈரத் தலைகூடக் காயவில்லை. "சார்" என்று பிள்ளையின் முகத்தை என் பக்கம் திருப்பினாள். நான் பீரோவைத் திறந்து கேப்ஸ்யூலை எடுத்தேன். நுனியைக் கத்தரித்துப் பிள்ளையின் வாயில் பிழிந்தேன். வழக்கம் போல் அவள் தன் வாயை ஆவென்று திறந்து காட்டினாள், பிள்ளைதான் அதைப் பார்க்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அந்தப் பழமொழியை இத்தனை சுளுவாகச் சொல்கிறவர்கள் அன்று என் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் வேங்கடேசன் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். நல்ல மனிதர், பிள்ளையை ஜீப்பில் ஏற்றித் தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வலது கண்ணின் ஓரத்தில் ஒரு தழும்போடு பார்வை தப்பியது. இடது கண் அமிழ்ந்து போய்விட்டது. சின்னத்துரை வந்து, மகள் கண்ணைக் கட்டியிருந்த பேண்டேஜை விரலால் தொட்டுப் பார்த்து, "நம்ம பக்கத்துத் தறித் துணிதான்" என்றான். அவனுக்கு அந்த நேரத்தில் சொல்ல அதுதான் கிடைத்தது.

பிறகு படிவம். டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். "எந்தத் தெரு?"

"ஓடைத் தெரு சார்" என்றேன்.

"அப்ப சிவப்பு. ஒழுங்கா வாரா வாரம் குடிச்சிருக்கா?"

தேவகிருபை என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். "சிவப்புதான் சார். ஒரு வாரம்கூடத் தப்பல."

அவள் வாயை மூடிக்கொண்டாள். என் வேலை போய்விடும் என்று எனக்காகப் பேசாமல் இருந்தாள். ஓடைத் தெரு ரிஜிஸ்தரில், கடைசிக் கட்டத்தில், கண் இழப்பு ஒன்று என்று என் கையால் எழுதினேன். ரிஜிஸ்தரில் பாட்டில் உடைந்தது முதல் பொய் என்றால் இது இரண்டாவது.

1991 ஜனவரியில் உறையைப் பிரித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லாக் களப் பணியாளர்களையும் கூட்டிக் கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். டாக்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம். மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. வைட்டமின் இருந்தது சிவப்பு மூடியில. சிவப்பு மூடித் தெருக்கள்ல சாவு ஏறக்குறையப் பாதியாக் குறைஞ்சிருக்கு. இனிமே எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்."

மண்டபமே கைதட்டியது. மூன்றாம் வரிசையில் தேவகிருபையும் தட்டினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து தட்டு தட்டிய பிறகுதான் அவள் காதில் விழுந்தது உள்ளே போனது. கைகள் அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக நின்றுவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளத்தாய், "ஏட்டி, நம்ம செவப்புட்டி" என்று அவளை இடித்துச் சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"பச்சையில என்ன சார் இருந்துச்சு?"

"வெறும் கடலை எண்ணெய்தான்மா."

"அப்ப ஓடைத் தெருவுல நாலு புள்ள செத்துச்சே?"

அப்போதாவது நான் சொல்லத்தானே வேண்டும். "தண்ணி மோசம்மா. ஓடைத் தண்ணி. சிவப்பு இல்லாட்டி இன்னும் நாலு போயிருக்கும். டாக்டர் அப்பவே சொன்னார், ரெண்டு தெருவை வெச்சு முடிவு கட்டக் கூடாது, தண்ணி காரணமா இருக்கலாம்னு."

"எப்ப சொன்னாக?"

"நீ நோட்டைக் கொண்டுவந்து காட்டினியே, அதுக்கு அடுத்த வாரம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள், பஸ் போய்விட்டது என்று சொல்வது போல. மண்டப வாசலில் கேசரி வாங்கிக்கொண்டு போக மறந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் கேட்டதோ வேறு.

"சார், ரிஜிஸ்தர மாத்துங்க. அமிர்தம் செவப்பு குடிச்சும் கண்ணு போச்சுன்னு எழுதியிருக்கீக. அது பொய்தான சார். செவப்பு மேல எதுக்குப் பழி? எங்கயோ ஒரு தாய் அதப் படிச்சிட்டு, இதுக்கா குடுக்கணும்னு விட்டுட்டா?"

"மாத்தினா நீ பச்சை குடுத்தது தெரிஞ்சுபோகுமே."

"தெரியட்டும். நான்தான குடுத்தேன்."

"எனக்கும் வேலை போயிரும் தேவகிருபை. எனக்கு ரெண்டு பெண் கல்யாணத்துக்கு நிக்குது."

மறுவாரம் ஒரு இன்லண்ட் லெட்டரில் தானே எழுதிக் கொண்டுவந்தாள். பெரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு என்று தொடங்கியது. மேலே இங்கிலீஷில் விலாசம் மட்டும் எழுதி, அலுவலகத் தபாலோடு சேர்த்து அனுப்பச் சொன்னாள். உள்ளே என் பெயர் எங்கும் இல்லை. பாட்டிலைத் தானே பையிலிருந்து எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தாள். நான் விலாசம் எழுதினேன். தபால் பையில் போடவில்லை. பீரோவின் அடித் தட்டில் வைத்துப் பூட்டினேன்.

நான்கைந்து மாதம், "பதில் வந்துச்சா சார்?" என்று வரும்போதெல்லாம் கேட்டாள். பெரிய மனிதர்களுக்கு வேலை அதிகம் என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அலுவலகத்தை மூடினார்கள். பீரோவை ஏலம் விடுமுன் அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிழித்துப் போடவும் துணிச்சல் இல்லை.

கட்டுரை வழவழப்பான காகிதத்தில் அச்சாகி, 1994இல் ஒரு பிரதி எனக்கும் வந்தது. நாலாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. வைட்டமின் பெற்ற குழந்தைகள் என்ற பத்தியில், கண் இழப்பு என்ற வரிசையில், ஒன்று என்று போட்டிருந்தது. அந்த ஒன்று அமிர்தவல்லி. அதன் கீழே ஒரு குறிப்பு: வைட்டமின் முறையாகப் பெற்றும் ஒரு குழந்தைக்கு இது நேர்ந்ததற்கான காரணம் விளங்கவில்லை. காரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தது.

மூன்று வருஷம் கழித்து, வேலையெல்லாம் ஓய்ந்து சும்மா இருந்த காலத்தில், அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுந்தரபாண்டியத்துக்குப் பஸ் ஏறினேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு வருவது என்று எண்ணம்.

தேவகிருபை அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அரசாங்கம் இப்போது அந்த வைட்டமினை எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கிறது. ஓடைத் தெருவிலும் மேட்டுத் தெருவிலும் அவள் கூட்டி வருகிற பிள்ளைகளில் ஒன்றுகூட விட்டுப்போகாதாம். நான் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அமிர்தவல்லிக்குப் பத்து வயது, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தேவகிருபை என்னை உட்காரச் சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து பாயில் நாலு பொரிகடலையைப் போட்டாள். பெண் எழுதுவதை நிறுத்தாமலே நாலையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டது.

"தெனமும் போடுதாக. எனக்குச் சலிச்சுப் போச்சு" என்றாள் அமிர்தம் என்னிடம்.

தேவகிருபை சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எத்தனையோ வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள். "சார், அந்தக் கட்டுரை அச்சாயி வந்துச்சா?"

"வந்துதும்மா."

"நான் எழுதுனத வாசிச்சாகளா? மாத்திட்டாகளா?"

சட்டைப் பையில் கடிதம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. கையைப் பையின் மேல் வைத்தேன்.

"மாத்திட்டாங்க" என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். "நல்லதாப் போச்சு சார். யாரோ ஒருத்தி வாசிச்சிட்டுத் தன் புள்ளைக்குக் குடுக்காம இருந்துருவாளோன்னு எனக்குள்ள அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்."

செத்த நேரம் இருங்க என்று சொல்லி உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.